நூறு லிட்டர்

புதூரில், மாடியில் எங்கள் பல் ஆஸ்பத்திரி.
வரவேற்பு மேசை என் பொறுப்பு.
மீன் தொட்டியும் என் பொறுப்பென்று
சேர்ந்த அன்று யாரும் சொல்லவில்லை.

நூறு லிட்டர் தண்ணீரில்
பொன்மீன் ஒன்றே ஒன்று.
விசிறி வால், குண்டு வயிறு.
நனைந்த புடவையோடு படியேறுகிறவள் மாதிரி
தன்னைத் தானே இழுத்துக்கொண்டு நீந்தும்.
கூட இருந்தது தை மாதம் செத்தது.

அதன்பின் யோசனை சொல்லாத வாயில்லை.
வாய் திறக்கத்தானே வருகிறார்கள் இங்கே.
கன்னம் வீங்கிய வாத்தியார்,
‘ஏஞ்சல் போடும்மா, அம்சமா இருக்கும்.’
பஞ்சைக் கடித்திருந்த அக்கா
பேச முடியாமல் விரல் குவித்துக் காட்டினாள்:
பொடிசா, நெறைய.
டாக்டர் ஹெப்சிபா கையுறை கழற்றாமலே
‘ஏதாச்சும் ஜோடி சேரு, பாக்கப் பாவமா இருக்கு’ என்றார்.

தப்பு என்னுடையது.
ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
பிளாஸ்டிக் பையில் தொங்கிய மூன்று புலிக்கோட்டு மீன்களை
நிறத்தைப் பார்த்து வாங்கிவந்தேன்.
புதன்கிழமைக்குள் விசிறி வால்
கிழிந்த சுவரொட்டி.

மூன்றையும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு
கீழமாரட் வீதிப் பின்சந்து, கோவர்த்தனன் கடை.
அவர் மீனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
‘அதுக்கு இருக்கிறதே வால்தான்.
வாலைக் கண்டா விடாதவனக் கொண்டுபோய் விட்டீங்களே.’
புலிகளை எடுத்துக்கொண்டார்.

ஏஞ்சல்?
‘அதுக்கு வெந்நி, இதுக்குப் பச்சத்தண்ணி. ஒரே அண்டாவா?’
நியான்?
‘போடலாம். ராத்திரி எண்ணி வைங்க,
காலையில எண்ணிப் பாருங்க.’
கண்ணாடி துடைக்கும் சக்கரைக் காட்டினேன்.
குரலைத் தாழ்த்திக்கொண்டார்.
‘பகல்ல பாசி திங்கும். ராத்திரி இது அசந்திருக்கப்ப
மேல ஒட்டி வழவழப்ப உறிஞ்சும்.
சின்னதில நல்லவந்தான்.’
பக்கத்துத் தொட்டியில் காமெட் ஒன்று சரக்கென்று திரும்பியது.
‘அது சொந்தம், பங்காளி.
இது இலையப் பாத்துத் திரும்புறதுக்குள்ள
அவன் சாப்ட்டுக் கை கழுவிருவான்.’

பொற்றாமரைக் குளத்தில் மீனே கிடையாது.
கண்டால் கொத்தத் தோன்றுமே என்று
ஒரு நாரை வேண்டிக்கொண்டதாம்.
பொருத்தம் பார்த்து அலுத்த நாரையாக இருக்கும்.

நரிமேட்டு விடுதியில் என் அறையில் ஒரு கட்டில் காலி.
எப்படிப்பட்ட பிள்ளை வேண்டும், வார்டன் கேட்கிறார்.
நல்ல பிள்ளை என்று சொல்லிவந்தேன் முன்பெல்லாம்.
இப்போது சொல்கிறேன்:
ஃபேனை மூன்றில் வைக்கிறவள்.
மெதுவாகச் சாப்பிடுகிறவள்.
தூங்குகிறவள் தலைமாட்டில் போன் பேசாதவள்.

கடைசியில் அவரே எடுத்துக் கொடுத்தார்,
கரிக்கட்டை நிறத்தில், கண் இரண்டும் பிதுங்கி
பார்வை மங்கிய ஒன்றை.
‘இதுவும் பொன்மீன்தான். தட்டுத் தடுமாறிப் போகும்.
ஒடனே விட்றாதீங்க, மூணு வாரம் தனியா வைங்க.’

மூன்று வாரம் மேசைக்கடியில் நீல வாளி.
வலியோடு வந்தவர்கள்
குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

தொட்டியில் விட்ட அன்று கத்திரி ஆரம்பம்.
மதியம் கரண்ட் போய்க் காற்றுக்குழாய் நின்றது.
ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டு
டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு
டீ ஆற்றுவதுபோல் உயரத்திலிருந்து ஊற்றினேன்.
கடைவாய்ப்பல் பிடுங்க வந்தவர்
எக்ஸ்ரே கவரால் விசிறியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.
இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை.
ஒரே வேகத்தில்
கண்டுகொள்ளவில்லை.

சாயங்காலம் பன்னிரண்டு உருண்டை தீனி போட்டேன்.
விசிறி வாலுக்கு ஏழு.
கறுப்பு, மூக்கால் தடவித் தடவி, ஐந்து.
நாளைக்கு அந்த மூலையில்
முதலில் போட வேண்டும்.